நிறுத்தச் சொன்ன தெரு

லில்லியுடைய தம்பியின் கல்யாண ஊர்வலம் அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே ராமலிங்கம் தன் வீட்டு வாசலிலிருந்து கையைக் காட்டினார். "இங்க ஊதக் கூடாது. தெரு தாண்டி ஊதிக்கினு போங்க."

பேண்டு செட்டோடு நடந்த லில்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷம் அப்பாவின் சாவு ஊர்வலத்தையும் இதே கைதான் நிறுத்தியது. பாட்டு பாதியில் நின்றது. அப்பாவை ஊமையாகத்தான் கொண்டுபோனார்கள். இன்று அவள் தோளில் இருப்பது அப்பா வாசித்த ட்யூபா, வாய் அகன்ற பெரிய பித்தளைக் குழல்.

"இந்தத் தெருவுல தறி நாளெல்லாம் கத்துது. எங்க குழல்தான் காதக் குத்துதா?" என்றாள் லில்லி.

"விடுக்கா, நல்ல நாளு," என்றான் தம்பி, கார் ஜன்னல் வழியாக.

பேண்டு அடங்கியது. லில்லி குழலில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள்.

ட்யூபா மட்டும் நிற்கவில்லை. அது வாசித்தது கல்யாணப் பாட்டு இல்லை; அன்று பாதியில் நின்ற சாவுப்பாட்டின் மிச்சம்.

"ஏய், நிறுத்துறியா இல்லியா?" ராமலிங்கம் கத்திக்கொண்டே படியிறங்கி வந்தார்.

"நான் எங்க ஊதறேன்? நல்லாப் பாரு!" லில்லி மவுத்பீஸை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ட்யூபா சட்டென்று அடங்கியது. பாட்டு இப்போது அவர் வாயிலிருந்து வந்தது.

ராமலிங்கம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கன்னங்கள் மட்டும் தாளம் தவறாமல் உப்பி உப்பி அடங்கின.