பிறந்த வீட்டு ரத்தம்

"இந்தத் தசைத் தளர்ச்சி எங்க குடும்பத்துல கிடையாது, டாக்டரம்மா. மருமக பிறந்த வீட்டு ரத்தம். இன்னைக்கே இவள அங்க அனுப்பிருவேன்" என்றேன்.

நிற்க முடியாத பேரன் கிரிதரன் பெஞ்சில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் மருமகள் ராதாமணி.

"ஒத்தக்கடையில எங்க வீட்டுல இவளும் மாடி ஏறச் சுவரைப் பிடிப்பா. சோம்பேறி."

"சோம்பல் இல்லைங்கய்யா. இந்த நோயுள்ள எலிகளை வளர்த்துப் பார்த்திருக்காங்க. ஆண் எலி தளர்ந்துரும். குறையைச் சுமக்குற பெண் எலி லேசாத் தளர்ந்தாலும் நடமாடும். ஆனா குட்டிக்குக் கொடுத்துரும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

டாக்டர் ராதாமணியிடம் திரும்பினார். "உங்க அப்பா எப்படிம்மா?"

"நல்லா நடப்பாரு. அம்மாதான் கடைசி வரைக்கும் சுவரைப் பிடிச்சே நடந்தாங்க. அம்மாவோட தம்பி பதினாலு வயசுல படுத்தே போயிட்டாரு. வெளியே காய்ச்சல்னு சொல்லிட்டாங்க."

"அப்ப அம்மா வழிதான். அந்த வீட்டு ஆளு யாரும் இருக்காங்களா? விசாரிக்கணும்."

ராதாமணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மாவோட அண்ணன் இருக்காரு. இந்தா உக்காந்திருக்காரே, என் மாமனாருதான்."



"தாத்தா, தூக்குங்க" என்று கிரிதரன் கை நீட்டினான்.

குனிந்து தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு நான் தோளில் சுமந்துபோன தம்பியின் அதே கனம்.