புகைக்குழாயில் ஒரு கூடு

வாயில் மண்ணுருண்டையோடு வந்த குளவி, உறைக்குள் நின்ற பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரிடம் கேட்டது: "அண்ணே, உங்க புகைக்குழாய்ல கூடு கட்டிக்கட்டுமா?"

"வேண்டாம்மா! இன்னிக்கு முதலாளி என்னைக் கிளப்புவார். பிள்ளைங்க வெந்துபோகும்" என்றது கார்.

முதலாளி நண்பரோடு வந்து உறையை விலக்கினார். "படுத்து எழுகிற முன்விளக்கு, நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றுகிற எஞ்சின். இப்ப வர்ற காரெல்லாம் வெறும் கம்ப்யூட்டர்" என்று பெருமூச்சு விட்டார்.

"சத்தம் எப்படி இருக்கும்?" என்றார் நண்பர்.

காருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதலாளி செல்போனை எடுத்து, இதே மாதிரி கார் ஒன்று எங்கோ ஓடுகிற வீடியோவைப் போட்டார். இருவரும் கண்மூடிக் கேட்டார்கள். பிறகு உறையை மூடிவிட்டுப் போனார்கள்.

குளவி தயங்கி வந்தது. "நாளைக்குக் கிளப்புவாரோ, அண்ணே?"

"நீ கட்டிக்கோம்மா" என்றது கார். "அடுத்த பிரசவத்துக்கும் இங்கேயே வந்துடு."