பின் அறையில் ஒரு வெள்ளைச் சுவர்

"இது நிஜ ஹெச்.டி.யா, சப்போர்ட் ஹெச்.டி.யா?"

மனைவி கேட்டதும் கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். கணவனும் அவளைத் திரும்பிப் பார்த்தான். புரொஜெக்டர் என்று பேச்செடுத்தாலே எழுந்து போகிறவள். இதையெல்லாம் எப்போது தெரிந்துகொண்டாள்?

"ஹெச்.டி. சப்போர்ட் பண்ணும் மேடம்."

"அப்படின்னா?"

"ஹெச்.டி. படத்தை உள்ள வாங்கிக்கும். வெளிய விடறப்போ..." அவர் இழுத்தார். "கொஞ்சம் சுருக்கி விடும்."

"எங்க அண்ணனும் எங்களுக்கு ஃபுல் சப்போர்ட்தான். வீடு மாத்தினப்ப ஒரு தலையணையைக்கூடத் தூக்கலை."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை அணைத்தார். கணவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மலிவாக இருக்கிறதே என்று அவன் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தது அதைத்தான்.

இந்த முறை தப்பக் கூடாது. அவன் ஆசைப்பட்டு வாங்கிய தரை துடைக்கும் ரோபோ கட்டிலுக்கடியில் போனது, வரவில்லை. மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்த அப்பாவை இரண்டு பேர் சேர்ந்து மீட்க வேண்டியிருந்தது. காலையில் கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "இதுவும் சொதப்பினா, இனிமே இந்த வீட்டுக்கு ஒரு பல்புகூட நீங்க வாங்கக் கூடாது. சம்மதமா?"

"வேண்டாம்னா கேக்கறானா பாரு. டிவி இருக்கறப்ப சுவத்துல எதுக்குப் படம்?" என்று அம்மா சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"சம்மதம்" என்று வீம்புக்குச் சொல்லியிருந்தான்.

கடைக்காரர் அடுத்ததைப் போட்டார். இருட்டறைச் சுவரில் கடல் பொங்கியது. துளித்துளியாகத் தெரிந்தது. விலையைக் கேட்டான். கடல் வற்றிவிட்டது.

"ஏங்க, வாங்க போகலாம். இதெல்லாம் நமக்கு வேண்டாம்."

அந்த 'வேண்டாம்' அவனைச் சுருக்கென்று தைத்தது. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வேற இல்லையா சார்?"

கடைக்காரர் யோசித்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். ஆப், கீப் எதுவும் கிடையாது. செல்போனைத்தான் மாட்டிக்கணும். அதான் விலை கம்மி. ஆனா படம் நிஜ ஹெச்.டி. சப்போர்ட் கிப்போர்ட் இல்லை மேடம்."

கடைக்காரர் அதில் ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச்சை ஓடவிட்டார். கணவன் எழுந்து சுவரை ஒட்டி நின்றான். மூலைகளைத்தான் பார்த்தான். மலிவுப் பெட்டிகளில் ஸ்கோர் போடுகிற மூலைதான் முதலில் கலங்கும். இதில் எண்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் நின்றன. நாலு மூலையும் சுத்தம்.

"ஃபேன் சத்தம் எப்படி?" என்றாள் மனைவி. "ஹால் வரைக்கும் கேக்குமா?"

"கதவைச் சாத்திட்டா கேக்காது மேடம்."

"எதுக்குக் கதவைச் சாத்தணும்? ஹால்லதானே வைக்கப்போறேன்," என்றான்.

"ஹால்லயா? சுத்தி ஜன்னல். உங்க பிளேயர் எல்லாம் ஆவி மாதிரி ஓடுவாங்க. நீங்களே சொல்லுங்க சார்."

கடைக்காரர் தலையாட்டினார். "இருட்டு ரூம்தான் இதுக்கு நல்லது."

"அப்ப பின்ரூம். இல்லைன்னா வேண்டவே வேண்டாம்."

பின் அறைதானே, போகட்டும். பெட்டி கைக்கு வந்தால் போதும். அவள் மனம் மாறுவதற்குள் பில் போடச் சொன்னான்.

மேட்ச் அன்று சாயங்காலம் பின் அறைச் சுவர் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. அப்பாவும் மச்சானும் முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தார்கள். இனி ஹாலில் டிவி முன்னால் நின்று மூன்று பேரும் கத்த வேண்டாம். "நகருடா, மறைக்காதே" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

செல்போனை மாட்டினான். சுவர் முழுக்க மைதானம் விரிந்தது. பந்தின் தையல்கூடத் தெரிந்தது.

"மாப்பிள்ளை, ஆளுக்கு வேர்க்கறது தெரியுது!" என்றான் மச்சான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கேடா."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பல்பு என்ன, இனி பீரோவே அவன்தான் வாங்குவான். மனைவியை அழைத்துச் சுவரைக் காட்ட நினைத்தான். ஆட்டம் முடியட்டும், ஜெயித்த கையோடு காட்டலாம்.

எதிரணியில் கடைசி ஆள். ஒரே விக்கெட் விழுந்தால் வெற்றி. மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். சுவரில் பந்து வீச்சாளர் ஓடி வரத் தொடங்கினார்.

ஹாலிலிருந்து ஒரே கூச்சல். விசில்.

அதற்குப் பிறகுதான் சுவரில் ஸ்டம்ப் எகிறியது. அப்பாவும் மச்சானும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். அவன் மட்டும் கதவையே பார்த்தான். செல்போன் வழியாக வரும் படம் டிவியைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அப்படியானால், முந்திக்கொண்டு பார்த்தது யார்?

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

ஹால் டிவியில் அதே மைதானம். சோபா முழுக்க அம்மாவும் மனைவியும். இரண்டு பேரின் கால்களும் டீப்பாய்மேல். அவன் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"அப்பாடா! இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்னிக்குத்தான் அத்தை ஒரு மேட்ச்சை முழுசாப் பார்த்திருக்கேன். முன்னால ஒருத்தர் முதுகும் இல்லை."

வாயிலிருந்து விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள் அம்மா. "நான்தான் சொன்னேனேம்மா, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இரு, தானா வாங்கிட்டு வருவான்னு. இந்த டிவியை அவங்கப்பா வாங்கினதும் அப்படித்தான்."