அந்த அரை ஏக்கர் உனக்குத்தான்

நிலத் தகராறுன்னு சொன்னதும் அரிவாளைத்தானே எதிர்பாக்குறீங்க? மண்டை உடையும், கட்டு கட்டுவாங்கன்னு? கொஞ்சம் பொறுங்க. இந்தத் தகராறுல ரெண்டு பேருமே, "நிலம் எனக்கு வேணாம், உனக்குத்தான்"னு மல்லுக்கு நின்னாங்க.

2006. துபாய், அல் கூஸ் லேபர் கேம்ப். வெள்ளிக்கிழமை, லீவு. டைம்கீப்பர் கல்யாணசுந்தரம் ரூமுக்கு ரெங்கராஜும் சோலைமுத்தும் ஒண்ணா வந்தாங்க. கடல்ல மணலைக் கொட்டி நிலமாக்குற சைட்டுல ரெண்டு பேருக்கும் வேலை. ஊருல ஒருத்தன் கொள்ளிடத்துக்கு இந்தக் கரை, இன்னொருத்தன் அந்தக் கரை.

கல்யாணசுந்தரம் இங்க வர்றதுக்கு முன்னாடி சீர்காழியில வக்கீல் குமாஸ்தா. கேம்புக்கே அவர்தான் ஹைகோர்ட்.

"சோலை பக்கம் அரை ஏக்கரை ஆறு தின்னுடுச்சு சார். என் பக்கம் அரை ஏக்கர் மேடு தட்டியிருக்கு," ரெங்கராஜ் சொன்னான். "அது யாரோடதுன்னு எழுதித் தரச் சொல்றார் வி.ஏ.ஓ. நீங்கதான் சொல்லணும்."

கல்யாணசுந்தரத்துக்கு உற்சாகம் தாங்கல. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டார்.

"கேளுங்கப்பா, இது ரொம்ப சுவாரசியமான சட்டம். வண்டல் கொஞ்சம் கொஞ்சமா, கண்ணுக்கே தெரியாம வந்து ஒட்டியிருந்தா, ஒட்டின கரைக்காரனுக்குச் சொந்தம். அதாவது ரெங்கராஜுக்கு. ஒரே வெள்ளத்துல ஆறு திடீர்னு வழி மாறி, நிலத்தை அந்தப் பக்கம் விட்டிருந்தா, பழைய சொந்தக்காரனுக்கே. அதாவது சோலைக்கு. இப்ப சொல்லுங்க. மெதுவாவா, திடீர்னா?"

"மெதுவாத்தான் சார்," முந்திக்கிட்டான் சோலைமுத்து.

"யோவ், மெதுவான்னா உன் நிலம் உன்னை விட்டுப் போயிடும்யா."

"போகட்டும் சார். பத்து வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கு."

"பொய் சார்," ரெங்கராஜ் குறுக்க விழுந்தான். "போன வருஷ வெள்ளத்துல, ஒரே நாள்ல நடந்தது. இவன் போட்ட போர்வெல் பைப்பு கூட அங்கதான் நிக்குது."

"பைப்பு மிதந்து வந்திருக்கும்."

"இரும்பு பைப்பு மிதக்குமா மாப்ள?"

"உன் கரைக்கு வரணும்னா மிதக்கும் மாப்ள. எடுத்துக்க. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"உனக்கு மூணு இருக்குல்ல. நீ வச்சுக்க."

கல்யாணசுந்தரம் பேனாவைக் கீழ வச்சார். ஊருல அவர் வீட்டுச் சுவரோரம் ஒன்றரை முழ இடம். அதுக்காகத் தம்பி மேல கேஸ் போட்டு, பேச்சு நின்னு, பன்னெண்டு வருஷம் ஆச்சு.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா," மொபைலை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போனார்.

"தம்பி, நான்தான்டா... அந்தச் சுவரோர இடத்தை நீயே எடுத்துக்க. கேஸை வாபஸ் வாங்கிடுறேன்."

அந்தப் பக்கம் தம்பி மெதுவா, "சாப்பிட்டியாண்ணே?"

முகத்தைக் கழுவிட்டு உள்ள வந்தார்.

"இனிமே இந்த கேம்புல எவனாவது இடத்துக்கு அடிச்சுக்கிட்டா, உங்க ரெண்டு பேரைத்தான்யா காட்டுவேன்."

ரெண்டு பேரும் தரையைப் பாத்தாங்க.

மெஸ் சமையல்காரர் சதக்கத்துல்லா அல்வா பொட்டலத்தோட உள்ள நுழைஞ்சார். அவரும் கொள்ளிடக்கரைக்காரர்தான். லீவு முடிஞ்சு காலையிலதான் இறங்கியிருந்தார்.

"வாங்க பாய். நல்ல நேரத்துல வந்தீங்க. அரை ஏக்கரை நீ எடுத்துக்க, நீ எடுத்துக்கன்னு விட்டுக்கொடுக்குறாங்க பாருங்க, மனுஷங்க."

"எது, அந்தப் புது மேடா சார்?" பாய் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டே சொன்னார். "அதுல எவனோ லாரி லாரியா மணல் திருடி வித்துட்டான். நிலத்துக்காரன் யாருன்னு போலீஸ் வீடு வீடா விசாரிக்குது. கேஸ்ல பேரு ஏறிட்டா பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாதே. அதான் ரெண்டு பேர் வீட்டுலயும் நேத்தே இவங்களுக்குப் போன் போட்டு, 'நம்மளது இல்லன்னு எழுதிக் குடுத்துடு'ன்னாங்க. இவங்க உங்ககிட்ட சொல்லலையா?"