எட்டாத ஃப்யூஸ் பெட்டி

"வெளியில, பழைய இடத்துலயே வை! நல்லா மேல வை!" என்று சக்கர நாற்காலியிலிருந்து கத்தினார் கிளைவ்.

"அவன் கிடக்கான் விடு. உள்ளயே மாட்டு, வேட். உட்கார்ந்தபடியே இவன் கைக்கு எட்டணும்" என்றாள் அவர் மனைவி நோலீன்.

எலெக்ட்ரீஷியன் வேட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் இருபது வருஷமாக ஃப்யூஸ் பெட்டி மாற்றுகிறவன் அவன். பெட்டியை எங்கே வைப்பது என்று புருஷன் பெண்டாட்டி மல்லுக்கட்டுவதை இன்றுதான் பார்க்கிறான்.

வெளிச்சுவரில் இருந்த பழைய பெட்டி போன வாரம் கருகிப் போயிருந்தது. அதற்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டும். நாற்பது வருஷமாக, ஃப்யூஸ் போகும்போதெல்லாம் டார்ச்சும் கம்பியுமாக இறங்கியவள் நோலீன்தான்.

"இத்தனை வருஷம் நீதானே போட்டே? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் கிளைவ்.

நடையில் சுவரை அளக்கப் போன வேட்டின் காலில் ஒரு சின்ன சூட்கேஸ் இடித்தது. "பயணமா நோலீன்?" என்று கேட்டான்.

"இவன் தனியாச் சமாளிப்பான்னு தெரிஞ்சப்புறம்தான் கிளம்பணும்" என்று சிரித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். போட்டிருந்த ஸ்வெட்டர் இரவல் வாங்கியது போலத் தொளதொளத்தது.

"அதெல்லாம் என்னால ஆகாது" என்றார் கிளைவ். "நோலீன், டீ!"

டீத்தூள் டப்பா, கோப்பை, ஃபோன் எல்லாவற்றையும் அவர் கையெட்டும் உயரத்துக்கு அவள் இறக்கி வைத்திருந்தாள். கேஸ் அடுப்பும் கெட்டிலும் அவர் முழங்கையருகிலேயே இருந்தன. இருந்தும் மனிதர் குரல்தான் கொடுத்தார். ஆட்டு ரோமம் கத்தரித்து உரமேறிய அந்தத் தோள்களைப் பார்க்கப் பார்க்க வேட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு சோம்பேறியா!

அவன் நோலீன் பக்கம் சாய்ந்துவிட்டான். "நாலடிக்குக் கீழ வைக்க விதி விடாது. நாலடியிலயே வச்சிடறேன், கை நீட்டினா போதும்" என்று சொல்லி நடைச் சுவரிலேயே மாட்டினான்.

மத்தியானம் வேலை முடிந்தது. நோலீன் நாற்காலியைத் தள்ளி வந்து பெட்டிக்கு எதிரே நிறுத்தினாள். "எங்கே, மெயினைப் போடு பார்ப்போம்" என்றாள், பரீட்சை வைக்கிற டீச்சர் மாதிரி.

கிளைவ் கையைத் தூக்கினார். முக்கால் தூரம் போன கை அப்படியே மடியில் விழுந்தது.

"எட்டலை."

"இன்னொரு தரம்."

"எட்டலைன்னா எட்டலை. நீயே போடு."

"உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்ண!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நோலீன். ஆனால் சுவிட்சைப் போட வந்த அவள் நடையில் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்திருந்தது. விளக்கு எரிந்ததும், "டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

வேட்டுக்குப் பொறுக்கவில்லை. "உங்க உயரத்தை அளந்துதான் மாட்டினேன். எட்டும். பாவம், அவங்களைக் கொஞ்சம் உட்கார விட்டா என்ன உங்களுக்கு?" என்றான்.

கிளைவ் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, சிரமமே இல்லாமல் அந்த மெயின் சுவிட்சைத் தொட்டுக் காட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"நோலீன் கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டாள்னு டாக்டர் கெடு வச்சார். இப்ப ஈஸ்டரே முடிஞ்சுபோச்சு" என்றார் மெல்ல.

உள்ளே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு எட்டிடுச்சுன்னா அவ போயிடுவா, தம்பி."