கோணமானி சொன்ன யோசனை

‘மின்மினி’யின் கேள்வி திரையில் வந்து விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம், எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் நாங்கள் அரட்டைக் குழுவில் கூடுவோம். என் மனைவி அதற்கு வைத்த பெயர் வாத்தியார் சந்தை. சொந்தப் பெயரையோ பள்ளியின் பெயரையோ சொல்லக் கூடாது என்பது குழுவின் விதி. அப்போதுதான் மனம்விட்டுப் பேச முடியும். கணக்கு வாத்தியாரான எனக்கு அங்கே ‘கோணமானி’ என்று பெயர்.

மின்மினி எழுதியிருந்தார்: ‘பக்கத்து வகுப்பு ஆசிரியர் பாடத்தில் கரை கண்டவர். ஆனால் கேள்வி கேட்ட கையோடு பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடலாமா என்று தலைமையாசிரியர் யோசிக்கிறார். மனிதர் அந்த வகுப்புக்காக உயிரை விடுகிறவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?’

யாராக இருக்கும்? எந்தப் பள்ளியாக இருக்கும்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வரலாற்று ஆசிரியர் அச்சு அசல் இதே ரகம். பள்ளிக்கு ஒருவர் இப்படி இருப்பார் போலிருக்கிறது.

நேரிலேயே சொல்லிவிடுங்கள் என்றார் ஒருவர். ஜாடையாகச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றார் மூன்றாமவர்.

நான் தட்டினேன்: ‘சொல்லவே வேண்டாம். உங்கள் வகுப்பில்தான் கோளாறு என்று அவரிடம் யோசனை கேளுங்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு யோசனை கேட்டாலே உச்சி குளிர்ந்துவிடும். கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.’

கைதட்டல் படங்கள் குவிந்தன. மின்மினி நன்றி சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை, பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சார், என் கிளாஸ்ல என்னவோ சரியில்ல. அடுத்த பீரியட் ஃப்ரீதானே? கொஞ்சம் பின்னாடி உக்காந்து பாத்துச் சொல்றீங்களா?”

தாராளமாக வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. உச்சியும் குளிர்ந்துவிட்டது. அவர் பின்னாலேயே நாலடி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மின்மினி என் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார். பாவம், வரலாற்று ஆசிரியரை வீணாகச் சந்தேகித்துவிட்டேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாம். திரும்பினால் பன்னிரண்டாம் வகுப்பு கையைவிட்டுப் போகும். அந்தப் பிள்ளைகளை விட்டால் எனக்கு வேறு உலகம் தெரியாது. அதோடு, இந்தப் பெண் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடும் குறுகுறுப்பும் சேர்ந்துகொண்டது. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டீச்சர் ஒரு டம்ளரில் பனிக்கட்டியைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். கட்டி உருகினால் தண்ணீர் வழியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

பிள்ளைகள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமா ஒரு வகுப்பைச் சும்மா விடுவது? யாராவது சொல்லித் தொலையுங்களேன். பதில் தொண்டைவரை வந்து, பாதி வெளியிலும் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த சிறுமி என் முழங்கையை இடித்தாள்.

“சார், தெரிஞ்சா கை தூக்கணும்.”

தூக்கினேன்.

டீச்சர் என் கையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு, இன்னும் கை தூக்காதவர்களுக்காகக் காத்திருந்தார்.