உப்பாத மாவு

மூன்றாவது நாளும் மாவு உப்பவில்லை. பேக்கரிக்காரர் தொட்டியைத் தம்பியின் முன்னால் தள்ளினார்.

"ஈஸ்ட் உயிருள்ளதுடா! அது மாவைத் தின்னு காத்து விட்டாத்தான் ரொட்டி உப்பும். அது தலையிலேயே உப்பைக் கொட்டிக் கொன்னிருக்கே. உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

"சத்தியமா இல்லண்ணே. உப்பைத் தனியாத்தான் போட்டேன்."

"அப்போ நானா கொன்னேன்? இருபது வருஷமா விரல் விட்டுப் பார்த்துத்தான் தண்ணி ஊத்துறேன். சூடு ஒரு மயிரிழை கூடினதில்ல. கிளம்பு!"

அவர் மனைவி வாயே திறக்கவில்லை. தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டை விட்டே வெளியேறினான்.

மறுநாள் எல்லாவற்றையும் அவரே செய்தார். உப்பைக் கடைசியில்தான் சேர்த்தார். மாவு கல்லாட்டம் கிடந்தது.

"என்னடி இது? அவன்தான் இல்லையே!"

மனைவி அவர் விரலில் அப்பியிருந்த மாவைத் துடைத்துக் காட்டினாள். நுனி முழுக்கக் கொப்புளம்.

"சர்க்கரை நோயில விரல் மரத்துப்போச்சு உங்களுக்கு. கொதிக்கிற தண்ணிகூடச் சுடல. ஈஸ்ட் வெந்து செத்துச்சு. முதல் நாளே பார்த்துட்டேன்."

"பாவி, அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

களிம்பை இதமாகத் தடவியபடியே அவள் சொன்னாள்:

"சொல்லியிருந்தா உங்க தம்பி கிளம்பியிருப்பாரா?"